சேவைச் சங்கத்துக்குத் தலைவராகிறீர்களா? அந்த ஒரு வருடத்தை நடத்த ஒரு வழிகாட்டி

முதலில் வாழ்த்துகள். வேறு யாரும் முன்வராததால் உங்கள் தலையில் கட்டினார்களா, நீங்களே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினீர்களா என்று தெரியாது, இரண்டுமே நடப்பதுதான். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களில் வருடம் ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடிந்துவிடும். அவற்றைப் போலவே இன்னொரு சேவை அமைப்பான கிவானிஸில் அக்டோபர் முதல் செப்டம்பர் வரை. எந்தப் பெரிய அமைப்பிலும் சேராமல் நண்பர்களாகக் கூடி நடத்தும் குழுவாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரு வருடக் கணக்குத்தான்.

என் வருடம் முடிந்து பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். புதிதாக வருபவருக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தால் ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது. எந்த நிகழ்ச்சியும் அது நடக்கிற நாளோடு முடிவதில்லை, அதற்கு ஒரு மறுநாள் இருக்கிறது, அந்த மறுநாளை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவாகும் வரை தேதி குறிக்காதீர்கள். இதை வைத்துக்கொண்டு வருடத்தை எப்படி நகர்த்துவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பதவியேற்புக்கு முன்பே அலமாரியைத் திறங்கள்

அழைப்பிதழ், மேடை, சிறப்பு விருந்தினர் என்று ஓடுவதற்கு ஆட்கள் தானாகவே வருவார்கள். நீங்கள் போக வேண்டிய இடம் சங்கத்தின் சாமான்கள் இருக்கும் அலமாரி. ஏதோ ஒரு உறுப்பினர் வீட்டு மாடியிலோ, கூட்டம் நடக்கும் ஹாலின் மூலையிலோ இருக்கும். எங்கள் அலமாரியில் சுருட்டி வைத்த பேனர்கள், தேதி முடிந்த முதலுதவிப் பெட்டி, பெயர் எழுதாத சான்றிதழ்கள், இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. திறந்தால் மூக்குக்கண்ணாடிகள். ஒவ்வொன்றும் தனி உறையில், உறையைச் சுற்றி ரப்பர் பேண்டு, அதில் செருகிய துண்டுச் சீட்டில் பெயர், வயது, பவர். எப்போதோ நடந்த கண் பரிசோதனை முகாமில் அளவெடுத்து, செய்து வாங்கி, வந்து சேர்ந்தபோது கொடுப்பதற்கு ஆள் இல்லாமல் அப்படியே தங்கிப் போனவை. சீட்டில் போன் நம்பர் மட்டும் இல்லை. யாரும் எதையும் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, நல்ல மனதோடு நடத்திய முகாம்தான். ஆண்டறிக்கையில் அத்தனை கண்ணாடியும் 'வழங்கப்பட்டது' என்று இருந்தது.

அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் 'மறுநாள் யார்?' என்கிற கேள்வியை எங்கள் நிர்வாகக் குழுவில் நிரந்தரமாக வைத்தோம். உங்கள் அலமாரியிலும் இப்படி ஒரு பெட்டி இருக்க வாய்ப்புண்டு. புதுத் திட்டம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதை உரியவரிடம் சேர்ப்பதே உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.

அலமாரியை முடித்த கையோடு இன்னும் சிலவற்றைப் பாருங்கள். கடந்த மூன்று வருட மினிட்ஸ் புத்தகத்தைப் படியுங்கள், போரடிக்கும், பரவாயில்லை. ஒரே தீர்மானம் வருடா வருடம் நிறைவேறி வருடா வருடம் கிடப்பில் போயிருப்பது அதில் தெரியவரும். வங்கியில் கையெழுத்து மாற்றும் வேலையைப் பதவியேற்புக்கு முன்பே தொடங்குங்கள். தீர்மான நகல், அடையாளச் சான்று, பழையவர் கையெழுத்து, புதியவர் கையெழுத்து என்று அது இழுத்துக்கொண்டே போகும், அதுவரை ஒரு காசோலைகூட எழுத முடியாது. சங்கத்தின் மின்னஞ்சல், முகநூல் பக்கம் இவற்றின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு தலைவர்களுக்கு முன்னால் இருந்தவரின் பையன் போட்டுக் கொடுத்தது என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

உறுப்பினர்களிடம் ஒவ்வொருவராகப் பேசுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் 'ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்?' என்று போட்டால் கட்டைவிரல்கள் வரும், ஆள் வரமாட்டார். முதல் மாதத்திலேயே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். வாரத்தில் எந்த நேரம் உங்களுக்கு ஒழிவு, எந்த வேலை நன்றாக வரும், எந்த வேலை சுத்தமாகப் பிடிக்காது, இவ்வளவுதான் கேட்க வேண்டியது. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதற்குத்தான் உண்மையான பதில் கிடைக்கும். பணம் வசூலிக்கக் கூச்சப்படுகிறவரை நன்கொடைக் குழுவில் போட்டுவிட்டு அவர் கூட்டத்துக்கே வருவதில்லை என்று குறைபட்டுப் பயனில்லை. மேடையில் பேசச் சொன்னால் ஓடிவிடுகிறவர் கணக்கு எழுதுவதில் புலியாக இருப்பார்.

வேலையைக் கொடுக்கும்போது அளவு சொல்லிக் கொடுங்கள். 'முகாமைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது வேலை ஆகாது. 'காலை எட்டு முதல் பத்து வரை பதிவு மேசை உங்களுடையது, பத்துக்கு இன்னொருவர் வந்து மாற்றிவிடுவார்' என்றால் அது வேலை. இரண்டு மணி நேரம் என்று சொன்னால் வருகிறவர்கள், நாள் முழுக்க என்று நினைத்து வராமல் இருப்பவர்கள்தான்.

புதியவர்களைச் சேர்க்கும்போது கதவைக் கொஞ்சம் அகலமாகவே திறந்து வையுங்கள். இந்த விஷயத்தில் பெரிய அமைப்புகளின் பழைய வரலாறு பெருமைப்படும்படி இல்லை. லயன்ஸ் 1917-இலேயே தொடங்கியது, பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது 1987-இல். ரோட்டரி 1905-இல் தொடங்கி, 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லி, அதற்குப் பிறகு 1989-இல்தான் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதியை உலகம் முழுவதற்குமாக நீக்கியது. இளையவர்கள் விஷயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள்: லயன்ஸின் இளைஞர் பிரிவான லியோ சங்கம் 1957-இலும், ரோட்டரியின் இளைஞர் பிரிவுகளான இன்டராக்ட் 1962-இலும், ரோட்டராக்ட் 1968-இலும் வந்துவிட்டன. உங்கள் சங்கத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு இளைஞர் சங்கம் இருந்தால் நாற்காலி தூக்க மட்டும் கூப்பிடாதீர்கள், திட்டம் போடும்போதே கூப்பிடுங்கள்.

எதைச் செய்வது என்று முடிவெடுப்பது

வருடத் தொடக்கத்தில் எல்லோருக்கும் உற்சாகம் பொங்கும், பட்டியல் நீண்டுகொண்டே போகும். இரண்டு பெரிய வேலை, மூன்று சின்ன வேலை, முன்னவர் முடிக்காமல் விட்டுப்போன வேலை ஒன்று, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிகளின் எண்ணிக்கைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் பல அமைப்புகளில் இருக்கிறது, அதன் பின்னால் ஓடினால் ஒரே நாளில் நான்கு இடத்தில் பேனர் கட்டி நான்கு நிகழ்ச்சி என்று கணக்குக் காட்டும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். பரிசு வரும்தான், அதை வைக்கவும் அந்த அலமாரியில்தான் இடம் தேட வேண்டும்.

தேவை என்ன என்பதை நீங்கள் உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள், போய்ப் பாருங்கள், கேளுங்கள். வெள்ளைக் கைத்தடியின் கதை எனக்குப் பிடித்த உதாரணம். 1930-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பியோரியா லயன்ஸ் சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் பான்ஹம், பார்வையற்ற ஒருவர் கருப்புத் தடியோடு சாலையைக் கடக்கத் தடுமாறுவதைக் கவனித்தார். வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணுக்கு அந்தத் தடி தெரியவே இல்லை. சங்கம் தடிகளுக்கு வெள்ளை பூசி, சிவப்புப் பட்டை போட்டுக் கொடுத்தது, அப்படிப் பிடித்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று நகர நிர்வாகத்திடம் பேசிச் சட்டமும் கொண்டுவரச் செய்தது. கவனித்துப் பாருங்கள், பெயின்ட் அடித்ததோடு வேலை முடியவில்லை. சட்டம் வராவிட்டால் அது வெறும் வெள்ளைத் தடி. அதேபோல சிகாகோ ரோட்டரி சங்கத்தின் தொடக்க காலத்துப் பெரிய சமூகப் பணி என்ன தெரியுமா, நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை கொண்டுவந்தது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள யாருக்கும் ஆசை வராது, ஆனால் தேவை அதுவாக இருந்தது.

யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களில் ஒருவரையாவது திட்டக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். பள்ளிக்கு ஏதாவது செய்வதென்றால் தலைமையாசிரியரிடம் மட்டும் கேட்காமல், துப்புரவுப் பணியாளரிடமும் கேளுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒரு முகாமைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்

ரத்ததான முகாமை எடுத்துக்கொள்ளலாம், ஏறக்குறைய எல்லாச் சங்கமும் நடத்துவது. வழக்கமாக என்ன நடக்கும் என்றால், ஜூன் 14 உலக ரத்ததானத் தினம், ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லேண்ட்ஸ்டைனரின் பிறந்த நாள், அன்றைக்கு எல்லாச் சங்கமும் ஒரே சமயத்தில் முகாம் போடும். யூனிட் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டுச் செய்தி வரும்.

ரத்தம் கிடங்கில் போட்டு வைக்கிற பொருள் இல்லை. சிவப்பணுக்களைக் குளிரில் வைத்து, சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, ஆறு வாரம் வரை காப்பாற்றலாம். தட்டணுக்களை (பிளேட்லெட்) பொதுவாக ஐந்து நாள்தான் வைக்க முடியும், அதுவும் அறை வெப்பத்தில், அசைத்துக்கொண்டே. ஒரே வாரத்தில் எல்லோரும் கொண்டுபோய்க் கொட்டினால் அந்த வாரம் வழியும், இரண்டு மாதம் கழித்து, தேர்வு, விடுமுறை என்று யாரும் வராத காலத்தில் ரத்த வங்கி கையைப் பிசையும். ஆகவே முதல் படி, ரத்த வங்கிக்குப் போன் போட்டு 'உங்களுக்கு எந்த மாதம் கஷ்டம்?' என்று கேட்பது. அவர்கள் சொல்லும் தேதியில் நடத்துங்கள். சிறப்பு விருந்தினர் கிடைக்கவில்லையென்றால் கிடைக்கவில்லை, விடுங்கள்.

இரண்டாவது, வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்வது. 18 வயதுக்கு மேல், 50 கிலோ எடை என்பதை உலக சுகாதார நிறுவனம் பொதுவான அளவாகச் சொல்கிறது, சில நாடுகளில் 45 கிலோவும் உண்டு, உங்கள் ரத்த வங்கி சொல்வதே கடைசி வார்த்தை. சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வரிசையில் நின்ற பிறகு 'எடை போதாது, போய்விட்டு வா' என்று அனுப்பினால் ஒரு மாணவர் அடுத்த முறை வரவே மாட்டார். அப்படித் திருப்பி அனுப்ப வேண்டியவர்களுக்கென்றே நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். இன்றைக்கு முடியாது, ஆனால் பதிவு மேசைக்கு ஆள் வேண்டும், இருக்கிறீர்களா என்று கேட்டால் பாதிப் பேர் இருந்துவிடுவார்கள்.

மூன்றாவது, ஆட்களை நிறுத்தும் இடம். தன்னார்வலர்கள் எல்லோரும் படுக்கைகளைச் சுற்றிக் கூடி நிற்பார்கள், ஏனென்றால் போட்டோ அங்கேதான் எடுக்கிறார்கள். மயக்கம் பெரும்பாலும் ஊசி ஏறும்போது வருவதில்லை, எல்லாம் முடிந்து 'எனக்கு ஒன்றுமில்லை' என்று படக்கென்று எழுந்து நாலு அடி வைக்கும்போது வருகிறது. முகம் வெளுக்கும், மேலுதட்டில் வேர்வை துளிர்க்கும், பேச்சு பாதியில் நிற்கும். அதைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் பழச்சாறு கொடுக்கும் மேசைக்கும் படுக்கைக்கும் நடுவில் நின்றாக வேண்டும், கையில் செல்போன் இல்லாமல். கொடுத்தவர் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும், வண்டிச் சாவியை அதுவரை மேசையில் வாங்கி வைத்தால்கூடத் தப்பில்லை.

அப்புறம் மறுநாள். கொடுத்தவர்களுக்கு ஒரு போன், 'கை வலிக்கிறதா, நன்றாக இருக்கிறீர்களா' என்று. அடுத்து எப்போது கொடுக்கலாம் என்கிற இடைவெளி நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஏறக்குறைய இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரை, ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட வேறுபடலாம். அந்தத் தேதியைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல்தான் முகாமின் உண்மையான பலன். எத்தனை யூனிட் என்பதைவிட, அதில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இன்னொன்று, பரிசோதனையில் யாருக்காவது தொற்று தெரியவந்தால் அதை ரத்த வங்கி அவரிடம் மட்டும் சொல்லும். சங்கத்தின் பெயரைச் சொல்லி அந்த விவரத்தைக் கேட்காதீர்கள், வேறு யாரும் கேட்கவும் விடாதீர்கள்.

கண் முகாமுக்கும் இதே கதைதான். சீட்டில் போன் நம்பர் இரண்டு எழுதுங்கள், ஒன்று அவருடையது, ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதோ பிள்ளையுடையதோ. கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு ஆளை அனுப்பினால் திரும்பக் கூட்டி வருவது யார், சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து போட்டுவிட வீட்டில் ஆள் இருக்கிறார்களா, மறுபரிசோதனைக்கு வண்டி யாருடையது, இதெல்லாம் முகாமுக்கு முன்னால் பேச வேண்டியவை. மரக்கன்று நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்டவர் எத்தனை பேரோ அத்தனை கன்று மட்டும் நடுங்கள்.

பணம்

சங்கத்தில் சண்டை வருவது பெரும்பாலும் பணத்தால் இல்லை, பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டதால். உறுப்பினர் சந்தா வேறு, பொதுமக்கள் கொடுத்த நன்கொடை வேறு. லயன்ஸ் இதை விதியாகவே வைத்திருக்கிறது, மக்களிடம் திரட்டியதைச் சங்கத்தின் நிர்வாகச் செலவுக்குத் தொடக் கூடாது. உங்கள் குழு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இரண்டு கணக்காக வையுங்கள். உண்டியல் குலுக்கிச் சேர்ந்த பணத்தில் கூட்டத்துக்கான டீச் செலவு போனது என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அடுத்த முறை யாரும் போட மாட்டார்கள்.

காசோலைக்கு இரண்டு கையெழுத்து, எந்தச் செலவுக்கும் ரசீது, மாதா மாதம் கூட்டத்தில் வரவு செலவை வாசிப்பது. கேட்டால் காட்டுவோம் என்பது போதாது, கேட்பதற்கு முன்னால் வாசித்துவிட வேண்டும். அவசரத்துக்கு உங்கள் கைப்பணத்தைப் போடும் நிலைமை வரும், தலைவர்களுக்கு அது ஒரு வியாதி மாதிரி. போடும் அன்றே இது கடனா நன்கொடையா என்று பொருளாளருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். வருடக் கடைசியில் 'நான் எவ்வளவோ போட்டேன்' என்று ஒரு தலைவர் பேச ஆரம்பிப்பது பார்க்கச் சகிக்காது.

நன்கொடையாளர் 'என் பெயரைப் பெரிதாகப் போடுங்கள்' என்பார், அது பரவாயில்லை, அவர் பணம். 'நான் சொல்கிற ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும்' என்றால் மறுத்துவிடுங்கள், மரியாதையாக, உடனே.

கூட்டம்

சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள், மூன்று பேர் இருந்தாலும். இரண்டு மாதத்தில் மற்றவர்கள் பழகிவிடுவார்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் என்ன, யார், எந்தத் தேதிக்குள் என்று மினிட்ஸில் எழுத வேண்டும், 'ஆவன செய்வதென முடிவு செய்யப்பட்டது' என்கிற வாக்கியத்தைச் செயலாளருக்குத் தடை செய்துவிடுங்கள். திட்டத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் கடைசிக் கேள்வியாக 'மறுநாள் யார்?' என்று கேட்டு, பதிலாக ஒரு பெயர் வரும் வரை கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். 'எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்' என்றால் யாருமில்லை என்று அர்த்தம். இந்த ஒரு கேள்வியிலேயே சில திட்டங்கள் உதிர்ந்துவிடும், உதிரட்டும்.

மேடையும் போட்டோவும்

நிகழ்ச்சி பயனாளிகளுக்காக, ஆனால் அவர்களைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, விருந்தினர் பதினொன்றுக்கு வந்து, பேச்செல்லாம் முடிந்து கடைசியில் கையில் பொருளைக் கொடுப்பது என்கிற முறை எப்படித்தான் இவ்வளவு இயல்பாகிப் போனதோ. என் யோசனை இது: கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்து அனுப்பிவிடுங்கள், அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்துவிடுமே என்று சொல்வார்கள். கலைந்தால் அந்தப் பேச்சுக்கு அவ்வளவுதான் தேவை என்று ஆகிறது.

வாங்குபவரின் முகத்தைப் படம் எடுப்பதில் கறாராக இருங்கள். அனுமதி கேட்டு எடுப்பது நல்லது, ஆனால் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதி கேட்டால் யார் மறுப்பார்கள்? ஆகவே வாங்குகிற நேரத்தில் எடுக்கவே வேண்டாம். தன்னார்வலர்கள் மூட்டை இறக்குவதை எடுங்கள், சமையல் பாத்திரம் கழுவுவதை எடுங்கள், படம் இன்னும் நன்றாக இருக்கும். குழந்தைகள் படத்தைப் பெற்றோர் சம்மதம் எழுத்தில் இல்லாமல் எங்கும் போடாதீர்கள். ஆண்டறிக்கைக்குப் படம் தேவை என்று மேலிடம் கேட்டால், பின்பக்கத்திலிருந்து எடுத்த படமும் படம்தான்.

நடுவில் வரும் சோர்வு

வருடத்தின் ஆறாவது ஏழாவது மாதத்தில் எல்லாம் தொய்யும். பத்துப் பேர் வந்த இடத்தில் நாலு பேர் வருவார்கள், அந்த நாலு பேரும் எப்போதும் வருகிற அதே நாலு பேர், அவர்கள் வீட்டில் கேள்வி கேட்க ஆரம்பித்திருப்பார்கள். இதற்கு ஊக்கப் பேச்சு மருந்தில்லை. ஒரு மாதம் புது நிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள். அந்த மாதத்தில் பழைய வேலைகளின் மறுநாளை மட்டும் பாருங்கள்: கொடுத்த சக்கர நாற்காலியின் டயர் எப்படியிருக்கிறது, பள்ளிக்கு வைத்த தண்ணீர் வடிகட்டியில் ஃபில்டர் மாற்றினார்களா, நூலகத்துக்குக் கொடுத்த புத்தகங்கள் கட்டுப் பிரிக்கப்பட்டனவா. இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், பேனர் வேண்டாம். சோர்ந்துபோன உறுப்பினருக்கு, தான் தூக்கிக் கொண்டுபோய் வைத்த ஒரு பொருள் உபயோகத்தில் இருப்பதை நேரில் பார்ப்பது செய்கிற வேலையை எந்த நினைவுப் பரிசும் செய்வதில்லை. உபயோகத்தில் இல்லையென்றால் அதுவும் தெரிய வேண்டியதுதான், திரும்பி வந்து கோபமாகப் பேசுவார்கள், அந்தக் கோபத்தில் நல்ல கூட்டம் நடக்கும்.

யாராவது விலகுகிறேன் என்றால் ஏன் என்று கேளுங்கள், தடுக்காதீர்கள். போகிற மனிதர் சொல்கிற காரணம் இருக்கிறவர்கள் சொல்லாமல் வைத்திருப்பதாக இருக்கும்.

திரும்பிப் பார்ப்பது

கடைசி இரண்டு மாதம் ஆண்டறிக்கை எழுதும் காலம். பெரும்பாலோர் செல்போனில் இருக்கும் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து நிகழ்ச்சிகளைப் பட்டியல் போடுவார்கள். படம் எடுக்காத வேலை எல்லாம் அதில் காணாமல் போய்விடும். நீங்கள் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன நினைத்துத் தொடங்கினோம், யாரிடம் போய்ச் சேர்ந்தது, மறுநாள் பொறுப்பாளர் என்ன செய்தார், இப்போது அது என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் உட்கார்ந்த இடத்தில் கிடைக்காது, பயனாளிகளில் சிலரையாவது போனில் அழைத்துக் கேட்க வேண்டும். சந்தோஷமான பதிலைத் தேடி அழைக்காதீர்கள். 'கொடுத்ததில் எது உதவவில்லை?' என்று கேளுங்கள். நன்றி சொல்லியே பழக்கப்பட்டவர்கள் முதலில் தயங்குவார்கள், கொஞ்சம் பொறுத்தால் சொல்வார்கள்: பள்ளிப் பை நன்றாக இருக்கிறது, ஜிப் மட்டும் ஒரு வாரத்தில் போய்விட்டது என்று. அந்த ஜிப் ஆண்டறிக்கையில் வர வேண்டும், அடுத்த வருடம் பை வாங்குகிறவர் படிப்பதற்காக.

நிறுத்த வேண்டியவற்றையும் எழுதுங்கள். பதினைந்து வருடமாக நடக்கிறது என்பதற்காகவே நடக்கும் நிகழ்ச்சி எல்லாச் சங்கத்திலும் ஒன்றாவது இருக்கிறது. அதை நிறுத்தலாம் என்று புதுத் தலைவர் சொன்னால் வம்பு, போகிற தலைவர் சொன்னால் அவ்வளவு வம்பில்லை. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்பு

ஒரு வருடத் தலைவரால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்குப் போலியோவைக் காட்டலாம். ரோட்டரி 1979-இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதில் தொடங்கியது, 1985-இல் அதை உலகத் திட்டமாக்கியது, 1988-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் எல்லாம் சேர்ந்துகொண்டன. அந்த வருடம் 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் மூன்றரை லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். இப்போது இயற்கையான போலியோ வைரஸ் தொடர்ந்து பரவிக்கொண்டிருப்பது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்ற இரண்டு நாடுகளில்தான். இத்தனை காலமும் அந்த அமைப்பின் உலகத் தலைவர் முதல் கடைசிச் சங்கத்தின் தலைவர் வரை எல்லோரும் ஒரு வருடத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். அப்போதைய ரோட்டரித் தலைவர் ஆர்ச் கிளம்ப் 1917-இல் யோசனை சொன்ன ரோட்டரி அறக்கட்டளையும் அப்படித்தான், முதலில் வந்த நன்கொடை கன்சாஸ் நகரச் சங்கம் கொடுத்த 26 டாலர் 50 சென்ட். அவரவர் வருடத்தோடு மூட்டை கட்டியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

உங்கள் அளவில் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்றால், உங்கள் வருடம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே அடுத்த தலைவரை எல்லா நிர்வாகக் கூட்டத்துக்கும் கூப்பிடுங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் பட்டியல், மறுநாள் பொறுப்பாளர்களின் பெயர், ரத்த வங்கி, மருத்துவமனை, பள்ளி, அச்சகம், பந்தல்காரர் எல்லோருடைய போன் நம்பர், யாரிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும் என்கிற ரகசியக் குறிப்புகள் உட்பட, ஒரே கோப்பாக்கிக் கொடுங்கள். நன்கொடை தருவதாகச் சொல்லி இன்னும் தராதவர்கள் பட்டியலையும் மறக்காதீர்கள். மறுநாள் பொறுப்பாளர்களில் யாராவது ஊர் மாறிப் போகிறார் என்றால் புதுப் பெயரை நீங்களே போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பொறுப்பு மாறிய பிறகு உங்களுக்கு 'உடனடி முன்னாள் தலைவர்' என்று ஒரு பதவி இருக்கும், நிர்வாகக் குழுவில் இடமும் இருக்கும். முதல் சில கூட்டங்களில் 'போன வருடம் நாங்கள் இப்படித்தான் செய்தோம்' என்று சொல்ல நாக்கு துடிக்கும், கேட்டால் மட்டும் பேசுங்கள். அலமாரிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பட்டியலிலிருந்து நீங்களே விலகுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஒரு மாதம் கழித்து வங்கிக்கு ஒரு போன் போட்டு, உங்கள் கையெழுத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் எடுத்திருக்க மாட்டார்கள்.